பத்தாவது கையெழுத்து

பட்டாளத்தில் இருபத்து நாலு வருசம் லாரி ஓட்டிவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பியவன் நான். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. பள்ளத்தூருக்குப் பக்கத்தில் சின்னக் கிராமம் எங்கள் ஊர். இங்கே என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'மிலிட்டரி'தான். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். மற்ற நாளில் கதவைத் தட்டினால் மிலிட்டரி கேண்டீன் பாட்டிலுக்காக இருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட ஆரம்பித்ததிலிருந்து அதைத் தொடுவதில்லை, யாருக்கும் வாங்கிக் கொடுப்பதும் இல்லை என்று சொன்னேன். அப்புறம் கதவைத் தட்டுகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற கால்வாய் தூர்ந்து, கருவேல மரம் மண்டிக் கிடக்கிறது. அதற்காக மூன்று வருசம் மனு எழுதினேன். ஒவ்வொரு மனுவுக்கும், உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு தாள் வரும். டீக்கடையில் ஒருநாள் ஒருத்தர் கேட்டார்.

"ஏங்க மிலிட்டரி, இம்புட்டு மனு எழுதுறதுக்கு நீங்களே எம்மெல்லேவுக்கு நிக்கலாம்ல? ஒங்க மனுவ நீங்களே வாங்கிக்கிரலாம்."

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேலியையும் உத்தரவு மாதிரி எடுத்துக்கொள்கிற பழக்கம் பட்டாளத்தில் வந்தது, இன்னும் போகவில்லை.

அம்மன் கோயிலில் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் நிற்பது, சிவப்பு வந்தால் பேசாமல் இருப்பது. பூசாரி எடுத்துப் பிரித்த பொட்டலத்தில் நந்தியாவட்டை இருந்தது.

வீட்டுக்காரி அப்போது திருப்பூரில். மகளின் இரண்டாவது பேறுகாலத்துக்குப் போனவள், நாலு மாசமாக அங்கேதான். போனில் சொன்னேன்.

"ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வேல? மொதல்ல சோறு பொங்கித் திங்கிறீகளா?"

"பொங்குறேன். அம்மன் உத்தரவு குடுத்துருச்சு."

"அம்மன் குடுத்துரும். கூட யாரு வருவா? அதச் சொல்லுங்க."

 அங்கே பிள்ளை அழுதது. அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாள்.

கட்சி இல்லாமல் சுயேச்சையாக நிற்பதென்றால், அந்தத் தொகுதியிலேயே ஓட்டு உள்ள பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்துப் பேர் ஒரு பெரிய விசயமா என்று நினைத்தேன். எங்கள் பக்கம் 'நாடு' என்றால் ஒரே கோயிலுக்குக் கட்டுப்பட்ட கிராமங்கள். தேர் இழுக்கிற அன்றைக்கு அத்தனை ஊர் ஆட்களும் ஒரே வடத்தைப் பிடிப்போம். பட்டாளத்தில் எந்த மூலையில் இருந்தாலும் தேருக்கு லீவு கேட்டு வந்துவிடுவேன். அந்த வடத்தைப் பிடித்த எல்லாரையும் என் ஆட்கள் என்றுதான் மனசில் வைத்திருந்தேன்.

பத்து நாள் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள். கையெழுத்து என்றதும் பேச்சு மாறிவிடும். "ஒங்க மேல மரியாத இருக்குங்க. பேரு வெளிய தெரிஞ்சா வம்பு, பாத்துக்கங்க." ஒரு வீட்டில், மகன் கட்சியில் இருப்பதால் நான் வந்ததையே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்கள். பட்டாளத்துப் பென்சன்காரர்கள் இரண்டு பேர், ரிட்டயர் ஆன தபால்காரர், பூசாரி என்று ஒவ்வொருவராகச் சேர்த்து ஒன்பது பேர் தேறினார்கள். பத்தாவதாக ஒத்துக்கொண்டவர் மனுத்தாக்கலின் கடைசி நாள் காலையில் வந்து நின்றார்.

"மிலிட்டரி, கையெழுத்துன்னா சும்மாவா? கேண்டீன்ல ஒரே ஒரு பாட்டில் எடுத்துத் தாங்க."

"அது மட்டும் என்னால ஆகாதுங்க."

"அப்ப என் பேனாவுல மை இல்ல." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கட்டிலில் வேட்புமனுப் பாரத்தைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும். மணி பத்தாகிவிட்டது. அவள் இருந்திருந்தால் அவள் கையெழுத்தே பத்தாவதாக இருந்திருக்கும். வீட்டில் என் மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை. நான் நடுச்சாலையில் வண்டி பழுதாகி ராத்திரி முழுக்கத் தனியாகக் கிடந்தவன்தான். ஆனால் சொந்த ஊரில், பகலில் அப்படி இருந்தது அன்றைக்குத்தான்.

வாசலில் மொபெட் வந்து நின்றது. கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர் மச்சான். வீட்டுக்காரிக்குப் பெரியப்பா மகன், ஆடு மாடு வைத்துப் பிழைக்கிறவர். தேர் வடத்தில் வருசா வருசம் எனக்குப் பக்கத்தில் நிற்பவர்.

"என்ன மாப்ள, ஊரெல்லாம் போயிக் கேட்டீகளாம். எங்கிட்ட வரல. நான் என்ன செத்தா போனேன்?"

"இல்ல மச்சான், அவ இல்லாம அங்குட்டு வாரதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

"ஒங்க கூச்சத்துல இடி விழ. எங்குட்டுப் போடணும்? வெரல வச்சுக் காட்டுங்க."

மச்சானுக்குத் தன் பெயரை எழுத மட்டும்தான் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். சட்டைப் பையிலிருந்து பழைய பூத் சிலிப்பை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து, மேல் மடிப்பு ஒட்டிப்போய்க் கிடந்தது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரிந்தன. பார்த்து எழுதிக்கொண்டேன். மேல் மடிப்பைப் பிரிக்கவில்லை. எனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

கடைசி நாள் கூட்டத்தில் இடித்துப் பிடித்து இரண்டரை மணிக்குப் பாரத்தைக் கொடுத்தேன். உறுதிமொழியை எதன் பேரில் எடுக்கிறீர்கள் என்று கேட்டார் அதிகாரி. "கடவுள் பெயரால்" என்றேன். பட்டாளத்தில் சத்தியம் எடுத்த அதே குரல் வந்துவிட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் பரிசீலனை. ஒவ்வொரு வேட்பாளரோடும் வக்கீல், ஆட்கள் என்று கூட்டம். எனக்கு என் மஞ்சப்பைதான் துணை. என் முறை வந்ததும் அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தாவது முன்மொழிபவர் இந்தத் தொகுதி வாக்காளர் இல்லைங்களே. அவர் ஊர் பக்கத்துத் தொகுதியில வருது."

"ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு கண்மாய்தாங்க சார். ஒரே கோயில்."

"கோயில் ஒன்னா இருக்கலாம். தொகுதி வேற. தப்பா நெனைக்காதீங்க."

நான் பட்டாளத்தில் இருந்தபோது தொகுதிகளைப் பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். என் மனசில் இருந்தது பழைய ஊர். மச்சானும் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர், தொகுதிப் பெயரைக் கவனித்தவர் இல்லை. சிலிப்பில் நான் பிரிக்காத மேல் மடிப்பில்தான் அது இருந்திருக்கும். மனு தள்ளுபடி ஆனது. நான் எழுந்து சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன். ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை. பெரிய கட்சி வக்கீல் ஒருத்தர் மட்டும், "தனியாவா வந்தீக?" என்று கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது தோற்ற வருத்தத்தைவிட மச்சான் முகம்தான் பெரிசாக இருந்தது. கேட்காமல் வந்து போட்டது அந்த ஒரு கையெழுத்துதான். அதுதான் ஆகாமல் போயிற்று.

அவர் என் வீட்டு வாசல்படியில் காத்திருந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு.

"என்ன சின்னம் மாப்ள? மாட்டுக்கொட்டாய்ச் செவுத்துக்கு ரெண்டு பூச்சு அடிச்சு வச்சுட்டேன். ரோட்டப் பாத்த செவுரு. ஆள விட்டு வரையச் சொல்லுவோம்."

"தள்ளிட்டாக மச்சான்."

"யாரு பண்ணுன வேல?"

"நாந்தான். ஒரு கட்டத்துல எழுதாம விட்டுட்டேன்."

சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் சத்தம் போட்டார். "இருவத்தி நாலு வருசம் பட்டாளத்துல என்னத்தக் கிழிச்சீக? ஒரு பாரம் நெரப்பத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது கையெழுத்து ஒன்னுதான். அதையாவது நான் சரியாப் போட்டேன்ல?"

"சரியாப் போட்டீக மச்சான்."

கடவுள் பெயரால் உறுதி எடுத்த மறுநாள் சொன்ன பொய் இது. சாயந்தரம் அம்மனிடம் போய் ஒத்துக்கொண்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை, மச்சான் ஊர்தான் அவள் பிறந்த ஊர். டீக்கடையில் இப்போது என்னை, 'பாரம் எழுதத் தெரியாத எம்மெல்லே' என்பார்கள். என் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். மச்சானுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சுவரில் மச்சான் இன்னும் வரட்டிகூடத் தட்டவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போதெல்லாம் மொபெட்டை நிறுத்திச் சொல்வார்.

"மாப்ள, அடுத்த தடவ அஞ்சாறு பாரம் சேத்து வாங்கி வச்சுக்கங்க. ஒன்னு தப்பாப் போனாலும் ஒன்னு இருக்கும். யாரு இல்லைன்னாலும் என் கையெழுத்து ஒங்களுக்கு உண்டு."

சரி மச்சான் என்பேன். அவர் கையெழுத்தை வேண்டாமென்று சொன்னால்தான் நான் மறுபடி நிற்க முடியும். அம்மனிடம் நான் இன்னும் பூக் கேட்கவில்லை.