கற்பலகையில் ஒரு கருப்பை

என் அக்கா சென்ற தைத் திங்களில் காலமானாள். அதற்கு ஓராண்டு முன்னர் நான் அவளைக் காணச் சென்றிருந்தபோது, "நான் போனப்புறம் அந்த விசயத்த நீ எழுதணும். பேரு போடாத. ஆனா ஒண்ணையும் மறைக்காத" என்றாள். கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள் நான். எழுத்துக்கு அஞ்சியவள் அல்லேன். ஆயினும் பெண்ணின் உடற்கூற்றைப் பற்றி எழுத நேருமிடத்து, தூய சொற்கள் பல கைவசம் இருந்தும், என் தலைமுறையினர்க்குக் கை எழுவதில்லை. என் பேர்த்தியின் அறிவியல் நூலில் அப்பாடம் இருக்கிறது. ஆசிரியர் அதனை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிச் சென்றாராம். வீட்டில் படிப்பிப்பவர் எவர்? ஆகவே எழுதத் துணிந்தேன்.

ஐம்பதுகளின் இறுதியில் நிகழ்ந்தது இது. அப்போது எனக்கு அகவை எட்டு, அக்காவுக்குப் பதினெட்டு. எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரத்திற்கு அருகில் இருந்தது. தந்தையார் கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் வெண்டையும், ஒரு மூலையில் மல்லிகையும் பயிரிட்டு வந்தார். அவருடைய தமக்கையான எங்கள் அத்தை அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி வாழ்ந்தார். அத்தையின் மகனுக்கே அக்கா என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடிந்திருந்தது. அந்த மச்சான் என்னை மிதிவண்டியின் முன்கம்பியில் அமர்த்தி ஆத்தூர் நீர்த்தேக்கம் வரை அழைத்துச் சென்றவர். ஆகையால் அவ்வேற்பாட்டில் எனக்கும் முழு உடன்பாடு.

திருமணத்துக்குத் தடை ஒன்றே. அக்கா பூப்பெய்தவில்லை. அவளினும் இளையோர் பலர் பச்சையோலைக் குடிசையில் அமர்ந்து, மஞ்சள் நீராடி, மணமும் முடிந்து, கைக்குழந்தையோடு தாய்வீடு வந்து போயினர். பூப்பெய்தாமலே போகும் பெண்ணை எங்கள் பக்கத்தில் 'இருசி' என்பார்கள். அச்சொல் ஒருத்தியின் மேல் விழுந்துவிட்டால் அவளுக்கு மணப்பந்தலும் இல்லை, பிறர் மணப்பந்தலில் முன்வரிசையும் இல்லை. பதினாறு வரை பொறுத்திருந்த அத்தை பதினேழில் முணுமுணுத்தார். பதினெட்டில் வாய்விட்டே சொன்னார்.

"தம்பி, ஒம்மக தங்கம்தான், இல்லைங்கல. ஆனா இருசியக் கட்டிக்கிட்டு எம்மகன் எதைக் கொஞ்சுவான்? நீயே சொல்லு."

தந்தையார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குச் சென்றுவிட்டார். பேச வேண்டிய இடங்களில் மண்வெட்டியை எடுப்பது அவர் வழக்கம்.

அக்காவுக்கோ இரண்டாண்டுகளாகத் திங்கள்தோறும் நான்கைந்து நாள் அடிவயிற்றில் கடும் வலி. பாயில் சுருண்டு கிடப்பாள். அன்னையார் ஓமநீர் கொடுப்பார். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவுவார். அத்தை அதனை வேலைக்கு அஞ்சிய பாசாங்கு என்றார். அவ்வலி நாள் தவறாமல் திங்களுக்கு ஒருமுறை ஏன் வருகிறது என்று எவரும் எண்ணிப் பார்த்தாரில்லை.

அவ்வாண்டு ஆடி கழிந்ததும் அவளுடைய அடிவயிறு மெல்லத் திரளலாயிற்று. கிணற்றடியில் அவள் நனைந்த சேலையோடு நின்றபோது அத்தையின் கண்ணில் அது பட்டது. அன்று மாலைக்குள் ஊரின் கண்ணிலும் பட்டுவிட்டது. அக்கா முறைகெட்டுக் கருவுற்றாள் என்பது புதிய பேச்சு. நேற்றுவரை பூக்கவில்லை என்று பழிக்கப்பட்ட கொடியின் மேல், இன்று காய்த்துவிட்டதாக வழக்கு! இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டுவன என்பதைச் சொன்னவரும் உணரவில்லை, கேட்டவரும் உணரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விந்தையான சில ஒழுங்குகள் தோன்றின. மாலையானால் அன்னையார் கிணற்று வடத்தைக் கழற்றிச் சுருட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டி, திறவுகோலை முந்தானையில் முடிந்துகொள்வார். வேலியோரத்து அரளியை வேரோடு பிடுங்கி எறிந்தார். வடம் களவு போகிறதென்றும், அரளி ஆட்டுக்கு ஆகாதென்றும் நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். எங்களிடம் ஆடு இல்லை என்பது ஏனோ என் நினைவுக்கு வரவில்லை.

"நான் ஒரு தப்பும் பண்ணலம்மா. யாரையும் ஏறெடுத்துக்கூடப் பாக்கல" என்று அக்கா அடுப்படியில் அழுதது என் காதில் விழுந்தது. அன்னையார், "நான் நம்புறேன்டி. ஊரு நம்பணும்ல. நாளைக்குத் திண்டுக்கல்லுக்குப் போவோம்" என்றார். திண்டுக்கல்லில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார்.

செய்தி எப்படியோ அத்தைக்கு எட்டிவிட்டது. விடியற்காலையில் வாயிலில் வந்து நின்றார்.

"நானும் வாரேன். பெத்தவ கண்ணு மறைக்கும், எங்கண்ணு மறைக்காது. டாக்டரம்மா சொல்றத எங்காதால கேட்டாத்தான் ஆச்சு."

வழக்குத் தொடுத்தவரே உடன்வர, ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. அக்காரணம் நானானேன். என் காதில் பஞ்சை அடைத்து, பேருந்து நிற்குமிடத்தில் அழுமாறு பணித்தனர். பள்ளிப் பையை விட்டுவர நான் மறுத்தேன்.

"காதுவலிக்காரிக்குச் சிலேட்டு எதுக்குடி? டாக்டரம்மாவுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கப் போறியா?" என்றார் அத்தை.

பேருந்தில் அடுத்த இருக்கைக்காரி, "பாப்பாவுக்கு என்ன செய்யுது?" என்று பரிவோடு கேட்டாள். "காதுல எறும்பு போயிருச்சு" என்றார் அன்னையார். அதே நொடியில் "சீழ் வடியுது" என்றார் அத்தை. "அடி ஆத்தே, எறும்பும் சீழுமா!" என்று அவள் வியக்க, நான் இரண்டுக்கும் சேர்த்து அழுதேன். அக்கா மட்டும் சன்னல் பக்கம் திரும்பி, வயிற்றின் மேல் கைப்பையை வைத்தபடியே திண்டுக்கல் வரை வந்தாள்.

மருத்துவர் நரைத்த தலையும் உரத்த குரலும் உடையவர். அக்காவைத் திரைக்குப் பின்னால் அழைத்துச் சென்று, வலியின் வரலாற்றைக் கேட்டு, ஆய்ந்து பார்த்தார். அன்னையார் சுவரைப் பிடித்தபடி நின்றார். அத்தை தீர்ப்புக் கேட்க வந்தவராக நிமிர்ந்து நின்றார். காதுவலிக்காரியை வெளியே அனுப்ப எவர்க்கும் தோன்றவில்லை.

வெளியே வந்த மருத்துவர், "இந்தப் பொண்ணு உண்டாகல. வயசுக்கு வராமலும் இல்ல" என்றார்.

"ரெண்டும் இல்லைன்னா வேற என்னதாம்மா?" என்றார் அத்தை.

"அவ வயசுக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சு. அது வெளியில தெரியல, அவ்வளவுதான்."

அத்தை நம்பாமல் பார்த்தார். மருத்துவர் மேசையில் தாள் தேடினார். என் மடியிலிருந்த கற்பலகையைக் கண்டார். அதிலிருந்த எட்டாம் வாய்ப்பாட்டை ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு என் எழுதுகுச்சியாலேயே வரையத் தொடங்கினார்.

"கொடைக்கானல் பேரிக்காயத் தலைகீழா வச்ச மாதிரி இருக்கா? இதுதான் கர்ப்பப்பை. ரெண்டு பக்கமும் ரெண்டு குழாய். குழாய் முனையில பெரிய மொச்சைக்கொட்டை கணக்கா ரெண்டு சினைப்பை. மாசத்துக்கு ஒரு முட்டை இதுலருந்து வரும். கரு தங்கலேன்னா, பைக்குள்ள படிஞ்ச ரத்தம் இந்த வழியா வெளிய வந்துரும். அதைத்தான் நீங்க தூரம்ங்குறீங்க. வழியோட வாசல்ல மெல்லிசா ஒரு சவ்வு உண்டு. எல்லாப் பொண்ணுக்கும் பிறவியிலேயே அதுல திறப்பு இருக்கும். ஆயிரத்துல ஒருத்திக்கு இல்லாமப் போயிரும். இவளுக்கு இல்ல. ரெண்டு வருசத்து ரத்தமும் உள்ளயே தேங்கிக் கெடக்கு. வயிறு பெருத்தது அதனால. மாசாமாசம் வலிச்சதும் அதனால."

அத்தை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர்க் குரலைத் தாழ்த்தி, "சவ்வக் கீறிட்டா... கன்னி கழிஞ்சதா ஆயிராதா?" என்று கேட்டார்.

மருத்துவர் குச்சியைக் கீழே வைத்தார். "கன்னிங்குறது அந்தச் சவ்வுல எழுதி ஒட்டியிருக்கா? ஒருத்திக்குப் பெருசா இருக்கும், ஒருத்திக்குச் சிறுசா இருக்கும், ஒருத்திக்கு இருக்கவே இருக்காது. அதைப் பாத்து யாரும் எதையும் சொல்ல முடியாது, நானே சொல்ல முடியாது. நீங்க அவளோட முகத்தப் பாத்துச் சொல்லியிருக்கணும்."

எத்தனையோ நாடுகளில் எத்தனையோ நூற்றாண்டுகளாக மாந்தர் ஒரு குடும்பத்தின் மானம் முழுவதையும் அந்த மென்படலத்தில் தொங்கவிட்டிருந்தனர் என்பதைப் பின்னாளில் நூல்களில் படித்தேன். அன்று எனக்குத் தோன்றியது, அழிந்துபோன எட்டாம் வாய்ப்பாட்டை மறுபடி எழுத வேண்டுமே என்ற கவலைதான்.

அத்தை திரைக்குள் சென்றார். நான் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் கிடந்த அக்காவின் முகத்தைத் தம் முந்தானையால் துடைத்துக்கொண்டே, "மாசாமாசம் சுருண்டு கெடந்தியேடி. பாசாங்குன்னேனே, பாவி நான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அக்கா கண்களை மூடிக்கொண்டாள்.

மயக்க மருந்து கொடுத்து அப்படலத்தில் சிறு திறப்புச் செய்தனர். அக்காவோடு அன்னையார் ஒரு கிழமை மருத்துவமனையில் தங்கினார். நானும் அத்தையும் ஊர் திரும்பினோம். பலகையில் ஒரு கோடும் அழியலாகாதென்று அத்தை அதனை மடியில் கிடத்தி, முந்தானையின் நிழலில், தூங்கும் பிள்ளையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார்.

முதலில் கிணற்றடிக்குத்தான் சென்றார். எங்கே பேச்சு பிறந்ததோ அங்கேயே அதை முடிக்க விரும்பினார் போலும்.

"இது என்னத்தா, பூசணிக்காய்க்கு ரெண்டு கொம்பு மொளைச்சிருக்கு?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"சிரிக்காதடி. ஒன் வவுத்துக்குள்ளயும் இதேதான் இருக்கு. ஒங்காத்தா வவுத்துலயும் இதான் இருந்துச்சு. இதுக்குள்ள கெடந்துட்டு வந்துதான் இன்னைக்கு எங்கிட்ட வாயாடுற."

அதன்பின் எவரும் சிரிக்கவில்லை. குடங்களைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தனர். ஏழு பிள்ளை பெற்றவர்களும் தம்முள் இருப்பதன் வடிவை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். ஒருத்தி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூன்று தெருக்களில் பலகை வீடு வீடாகச் சென்றது. தம் வாயால் சொன்னதைத் தம் வாயாலேயே அத்தை இல்லையென்று சொல்லி வந்தார். சினைப்பையைக் குழாய் என்றும் குழாயைச் சினைப்பை என்றும் மாற்றிச் சொன்னாரேயன்றி, வேறு பிழை செய்யவில்லை. அந்தக் கிழமை முழுவதும் பலகை எங்கே என்று பள்ளி ஆசிரியர் கேட்க, என்ன விடையிறுப்பதென்று தெரியாமல் நான் பெஞ்சின் மேல் நின்றேன்.

கடைசியில் பலகை தந்தையாரின் முன் வந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். மண்வெட்டியை எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பேருந்து ஏறினார்.

அக்கா வீடு திரும்பியதும் சோதிடர்க்கு ஓர் இடர் நேர்ந்தது. பூப்பெய்திய நாழிகையைக் கொண்டு பலன் எழுதுவது வழக்கம். எந்த நாழிகையை எழுதுவது? இரண்டாண்டுக்கு முந்தியதா? அதை அறிந்தவர் எவருமிலர். "டாக்டரம்மா கத்தி வச்ச நேரத்தப் போடுங்க சோசியரே. காலையில பத்து மணி. நான்தான் கடியாரத்தப் பாத்தேன்" என்றார் அத்தை. சோதிடர் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டார். எனினும் தாய்மாமன் ஓலைக் குடிசை கட்டினார். மஞ்சள் நீராட்டு நிகழ்ந்தது.

நீராட்டு முடிந்த மூன்றாம் நாள் அத்தை தாம்பாளத்தில் பூவும் பழமும் பட்டுச்சேலையும் கொண்டுவந்தார். எனக்கும் ஒரு பச்சைப் பாவாடை அதில் இருந்தது. மச்சான் வாயிலில் மிதிவண்டியைப் பிடித்தபடி நின்றார்.

அக்கா தாம்பாளத்தைத் தொடவில்லை.

"அத்தெ, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க சொன்னீங்க, தப்புன்னு தெரிஞ்சதும் வீடு வீடாப் போயி மாத்திச் சொன்னீங்க. உங்க மகன் ரெண்டு பேச்சையும் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தாரு. ரெண்டு வருசத்துல ஒரு நாளு, ஒனக்கு என்ன செய்யுதுன்னு எங்கிட்ட அவரு கேக்கல. எனக்கு வேணாம் அத்தெ."

அன்னையார் பதறினார். தந்தையார் மட்டும், "அவ சொல்லிட்டாள்ல, விடுங்க" என்றார். அத்தை தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பச்சைப் பாவாடையும் அதனோடு போயிற்று. நான் இரண்டு நாள் அக்காவுடன் பேசவில்லை. அவளைப் பழித்த அத்தையை மன்னித்தவள், ஒரு தீச்சொல்லும் சொல்லாத மச்சானை ஏன் மறுக்க வேண்டும்? ஒன்றும் சொல்லாதிருந்தவர் என்ன குற்றம் செய்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவேயில்லை.

இதில் உள்ள உடற்கூற்றுச் செய்திகள் ஓர் எட்டு வயதுச் சிறுமி கேட்டதும், பின்னர் நூல்வழி அறிந்ததும் கலந்தவை. மருத்துவம் கற்றோரும், அந்நாளைய எங்கள் பக்கத்துப் பெண்டிரும் இதில் பிழை காணின் அன்புகூர்ந்து திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.