மடங்கிய விரல்கள்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் டான்ஸ் மூவ்மென்ட் தெரபி என்றால், “பரதமா, சினிமாவா?” என்பார்கள். ஆட்டம் சொல்லிக்கொடுப்பதல்ல, பேச்சு நின்றுபோனவர்களோடு உடம்பால் பேசுவது என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. திருவண்ணாமலையில், மனநலம் குன்றிய பெண்களுக்கான காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டம் கலைந்த மறுநாள், யாராவது ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் எங்கள் வாசலில் வந்து நிற்கும். புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எனக்கு மரியாதையாகப் பேச வராது.

அப்படி ஜீப்பில் வந்தவள்தான் அவளும். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையைச் சற்றுப் பின்னால் நீட்டி, விரல்களை இறுக மடக்கியபடியே நடப்பாள்.

எதிரில் இருப்பவரின் அசைவை அப்படியே நம் உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் எங்கள் முறையில் முதல் வேலை. நானும் விரல்களை மடக்கிக்கொண்டு அவளோடு கூடத்தைச் சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. இதையெல்லாம் தனியாகச் சுமந்தால் நாங்களே படுத்துவிடுவோம். அதனால் சென்னையில் இருக்கும் சக தெரபிஸ்ட் ஒருத்தியிடம் வாராவாரம் போனில் கொட்டித் தீர்ப்பேன். அவளும் என்னிடம் கொட்டுவாள்.

“எந்திரிச்சு அதே மாதிரி நட. உன் கை எதைப் பிடிச்சிருக்கு?” என்றாள் போனில், இவளைப் பற்றிச் சொன்னதும்.

நடந்தேன். தோள் ஒரு பக்கம் சரிந்தது, நடை தானாக மெதுவானது. நான் பிடித்திருந்தது ஒரு குழந்தையின் கையை.

வார்டனிடம் சொன்னேன். போலீஸில் விசாரித்தார்கள். இவளை விட்டுவிட்டுப் போன அதே பௌர்ணமியன்று, மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் தனியாக அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமியை, மறுநாள் அவளுடைய மாமா வந்து அழைத்துப்போயிருந்தார். அவரை வரவழைத்தார்கள். இவளுடைய அண்ணன்தான். ஜன்னல் வழியாகத் தங்கையைப் பார்த்தார், உள்ளே வரவில்லை.

“கொழந்த எங்க வீட்ல நல்லா இருக்குதுங்க. அம்மா செத்துட்டாங்கனு சொல்லி வச்சிருக்கோம். வீட்ல இருந்தப்பவே இவளால தொந்தரவு ஜாஸ்தி. இங்கயே இருக்கட்டும்.”

கத்தினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.

பிள்ளை பிழைத்திருப்பதையாவது அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் கூடத்தில் அவளோடு நடந்துகொண்டே சொன்னேன். “உங்க பாப்பா கெடச்சிடுச்சுங்க. உங்க அண்ணன் வீட்ல பத்திரமா இருக்குது.”

நின்றாள். முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன்.

“அம்மா எங்கனு கேக்குதா?”

கேட்கிறது என்று ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லத்தான் வாயெடுத்தேன். இத்தனை நாள் நான் அவள் உடம்பைப் பார்த்ததுபோல், அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் புரிந்துவிட்டது அவளுக்கு. மடங்கியிருந்த விரல்கள் பிரிந்து, கை தொங்கியது.

கூடத்து வாசலில் நின்று தூரத்திலிருந்து பார்த்த வார்டனுக்கு ஒரே சந்தோஷம்.

“பரவால்லியே மேடம், கைய தொறந்துட்டாங்க! கொணமாயிட்டு வராங்க.”