ஒரு சுற்று காவல்

திருக்காட்டுப்பள்ளியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினாள் அனிட்டா. உயிரெல்லாம் கதை விளையாட்டில். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை வளர்க்கிற விளையாட்டு. தமிழில் ஒன்றைத் தானே உண்டாக்க இறங்கிவிட்டாள். கூட்டாளி, கல்லூரித் தோழன் பரிதி.

எல்லாம் கூடிவந்தது, மந்திரம் மட்டும் படுத்தியது. சொன்னதும் பலித்தால் மந்திரக்காரி ஒருத்தியே சண்டையை முடித்துவிடுவாள், வாள்வீரன் கொட்டாவி விடுவான். இழுத்தடித்தால் அந்த வேடம் கட்ட எவன் வருவான்? மாற்றி மாற்றி ஆடிப் பார்த்து அலுத்தே போனாள்.

ஆற்றில் தண்ணீர் குறைந்து, முறை வைத்து விட்ட வருடம் அது. அனிட்டாவின் அப்பா மிக்கேல்ராஜ் மடையைத் திறந்துவிட்டுக் கடைசி வயலுக்குப் போனார். தண்ணீர் அங்கே எட்டும்வரை மடையில் காவல் நின்றவர் பரிதியின் அப்பா நல்லக்கண்ணு. அவர் நகர்ந்தால் எவனாவது அடைத்துவிடுவான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அனிட்டா சட்டென்று பரிதியிடம் சொன்னாள்.

“மந்திரத்த ஆரம்பிச்சவ வேற எதுவும் செய்யக் கூடாது. மத்தவங்க ஒரு சுத்து ஆடி, அவ முறை திரும்ப வந்தாத்தான் பலிக்கும். நடுவுல அடிபட்டா போச்சு. அதுவரைக்கும் கூட இருக்கறவங்க காவல் நிக்கணும்.”

அன்றிலிருந்து ஆட்டம் களைகட்டியது. பரிதிக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. “அங்க அச்சுப் போட ஆள் இருக்காங்க. உன் விதியில யாரையும் கை வைக்க விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். மடையில் நின்றவர் மகன் ஆயிற்றே, அனிட்டா அப்படியே நம்பினாள்.

சில வருடம் கழித்து, அச்சான விளையாட்டுப் பெட்டியோடு வந்தான். மேலே முதல் பெயர் அவளுடையது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஆட உட்கார்ந்தார்கள்.

“பெருமழை மந்திரம் ஆரம்பிச்சுட்டேன். காவல் நில்லு.”

பரிதி சிரித்தான். “இப்ப அதெல்லாம் இல்ல அனிட்டா. சொன்னதும் பலிச்சிடும். அங்க யாரும் காத்திருக்க மாட்டேங்கறாங்க. கம்பெனில கேட்டாங்க, மாத்திட்டேன்.”

“அப்ப காவல்?”

“தேவையில்லையே. யாரும் யாருக்காகவும் நிக்க வேண்டாம்.”

பெயரைத் திருடியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பாவி, பெயரைப் போட்டுவிட்டல்லவா நட்டாற்றில் விட்டான்! பெட்டியை மூடி அவன் பக்கம் தள்ளினாள்.

“என் பேரை எடுத்துடு.”

“எங்கப்பா கிட்ட உன் பேரத்தான் பெருமையா காட்டினேன். கேட்டா என்ன சொல்றது?”

“மடைய விட்டு நகந்துட்டேன்னு சொல்லு.”