மல்லிகா டீச்சர் என்னை இரண்டு முறை அனுப்பினார்

காலை ஆறரைக்கு மகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மல்லிகா டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார். பால் ஆறுவதற்குள் 'தெய்வம்', 'இரண்டாவது தாய்' என்று வரிசையாக வந்தன. போன மாதம் இதே குழுவில் 'அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி' என்று எழுதியதும் நீங்கள்தான். அதை நான் இப்போது மாற்றிச் சொல்லப்போவதில்லை. அவருக்கு வாய் ஜாஸ்திதான்.

பிள்ளையார்பாளையத்தில் தன் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. யாரையும் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவாள்; கொடு என்று கேட்டால் கடிப்பாள். இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவரும் கைவிட்டால் என் மனைவி வேலையை விட வேண்டும்.

நான் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். முதல் நாளே விஷயத்துக்கு வந்தேன். "இவளுக்கு மரியாதை சுத்தமா இல்ல டீச்சர். அத மட்டும் கத்துக் குடுங்க."

"மொதல்ல நீ செருப்பக் கழட்டுபா. கூடத்துல நின்னுக்கினு இருக்கிற."

பன்னிரண்டு குழந்தைகளும் என் காலைப் பார்த்தன.

நன்றி சொன்னால்தான் பிஸ்கட் என்று ஒரு வழி சொன்னேன். "பிஸ்கட்டுக்குச் சொல்ற நன்றி பிஸ்கட்டோட போயிடும்பா" என்றார். அதற்கு நல்ல பதில் வைத்திருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

அந்தத் தெருவில் விடிந்ததும் தறிக்குப் போகும் பட்டு நூலை, பாவு என்பார்கள், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். எல்லோரும் சுற்றித்தான் போவார்கள். ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பாவு நூலைக் கையால் தூக்கி, மகளைக் கீழே நுழையவிட்டேன். வழியில் வண்டிச் செயின் கழன்று மாட்டிய கை அது. வெள்ளைப் பட்டில் நான்கு விரல் கிரீஸ் பதிந்தது.

நெசவாளர் குமரேசன் கத்தினார். "ரோடு என்ன உங்கப்பன் வூட்டுதா?" என்று நானும் கத்தினேன். "உங்கப்பன் வூட்டுதா!" என்று யாழினி கைதட்டினாள். அன்று முழுக்கப் பன்னிரண்டு குழந்தைகளுக்கும் அதுதான் பாட்டு.

மாலையில் டீச்சர் வாசலை மறித்து நின்றார். "குமரேசன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வா. இல்லன்னா நாளைக்குக் கொழந்தைய அனுப்பாத."

"கத்துனது நான். அவளுக்கு ஏன் தண்டனை? இது எந்தச் சட்டம்?"

"சட்டத்தயும் கூட்டிக்கினு வாபா, டீ போட்டுத் தரேன். இவளயும் இட்டுக்கினு போ. பாக்கட்டும்."

போனேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு யாழினியும் வந்தாள். குமரேசன் தறிக்குழியில் இருந்தார். குனிந்து, "தப்பு என் மேலதான், மன்னிச்சிடுங்க" என்று முணுமுணுத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வந்தால் டீச்சர் கேட்டார்: "சத்தமா சொன்னியா?"

"சொன்னேன், அவ்ளோதான்."

"திட்னது ரோட்ல. மன்னிப்பு மட்டும் காதோரமா? மறுபடி போ."

உங்களில் நான்கு பேர் அங்கே நின்று வேடிக்கை பார்த்தீர்கள். யாழினியோடு மறுபடி போனேன். குமரேசனை வாசலுக்குக் கூப்பிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அதையே சத்தமாகச் சொன்னேன். "போதும்பா, போ" என்றார், அவருக்கே கூச்சமாகிவிட்டது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் டீச்சரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளை விடுவேன், கூட்டிப்போவேன். அவரும் என்னைச் சமாதானப்படுத்த முயலவில்லை. யாழினி ஒரே நாளில் திருந்திவிடவும் இல்லை. அந்த வாரமே ஒரு பையனைக் கடித்தாள். அவள் என்ன கற்றாள் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது.

சாவு வீட்டுக்கு அவளையும் தூக்கிப் போனேன். இறக்கிவிட்டதும் ஓடி, ஒரு பெரியவரின் காலை நறுக்கென்று மிதித்தாள். அவர் முறைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அவர்முன் நிமிர்ந்து நின்று, அடித்தொண்டையில் கத்தினாள்: "தப்பு என் மேலதான், மன்னிச்சிடுங்க!"

ஒப்பாரி நின்றுவிட்டது. "சாவு வூட்ல இன்னாபா இது, கொழந்தய அடக்கு" என்றார் ஒருவர். நான் அடக்கவில்லை. டீச்சர் உள்கூடத்தில் கிடந்தார். அவர் காதுவரை கேட்க வேண்டும்.

செருப்பை மட்டும் வாசலிலேயே கழற்றியிருந்தேன். அவருடைய பாசத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என்மேல் அவர் அதைக் காட்டவில்லை. எனக்கு அந்த இரண்டாவது நடை இருக்கிறது. அதற்கான கோபமும் இன்னும் ஆறவில்லை.