ஒரே வண்டிக்கு இரண்டு ஜெபம்

போன ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். என் மனைவி எஸ்தர் பைக் சாவியைப் பாஸ்டரிடம் நீட்டினாள்.

"ஜெபம் பண்ணிக் கொடுங்க பாஸ்டர்."

"மூணு மாசம் முன்னாடிதானேம்மா பண்ணேன்? அதே வண்டிதானே?"

"அதே வண்டிதான். அப்போ இவர் பேரைச் சொல்லிப் பண்ணீங்க. நாளையிலேர்ந்து நான் ஓட்டப் போறேன்."

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான்... காணிக்கைப் பெட்டியைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். எஸ்தர் போளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். ஏழு மணிக்கே சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இவள் போய் ரத்தம் எடுத்தால்தான் அவர்களுக்கு இட்லி. வீட்டிலிருந்து ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ, அப்புறம் பஸ், போளூரில் இறங்கினால் இன்னொரு ஷேர் ஆட்டோ. அது நிறையும்வரை நகராது. பெண்களுக்கு இலவச பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது — இவள் நேரத்துக்கு ஒத்துவராது. சம்பளத்தில் கால்வாசி ரோட்டிலேயே போனது.

அந்தச் செலவைக் குறைக்கத்தான் செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. முதல் பைக்கும் என்னுடையது. காலையில் அவளைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, ஆரணியில் நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஜம்மென்று போய் இறங்குவேன். வீட்டிலிருந்து நடந்தாலே இருபது நிமிஷம்தான் என்பது வேறு விஷயம்.

மிச்சமானது எவ்வளவு? ஒரே ஒரு ஷேர் ஆட்டோ.

முதல் மாசம் முடிவதற்குள் லேபில் சொல்லிவிட்டார்கள்... இனியும் லேட்டாக வந்துகொண்டிருந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று. அன்று சாயந்தரம் எஸ்தர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நம்ம ரெண்டு பேர்ல யாருக்குங்க தூரம் அதிகம்?"

படித்தவன். பதில் தெரியாதா? தெரிந்தது. வாய்தான் வரவில்லை.

அம்மாவுக்கு வந்தது. "அவனவன் பொண்டாட்டியப் பின்னால வெச்சிகினு போறான். நீ மட்டும் நடந்துகினு போ. பாக்க நல்லா இருக்கும்டா."

"நீங்க ஏறி உக்காருங்க அத்த, உங்களையும் வெச்சிகினு போறேன்" என்றாள் எஸ்தர். அம்மா விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

சர்ச் மைதானத்தில் பழகினாள். ஸ்கூட்டி இல்லை, கியர் வண்டி. கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் உதறிவிட்டு நின்றுவிடும். மூன்று தடவை விழுந்தாள். நான்காம் தடவை பிடிக்க ஓடினேன்.

"தள்ளி நில்லுங்க. நீங்க ஓடி வர்றதப் பாத்தாதான் பயமா இருக்குது."

எல்எல்ஆர் போட்டு, ஒரு மாசம் கழித்து, காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நான் எட்டு போட்டபோது இரண்டு தடவை ஊன்றினேன் — இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

பாஸ்டர் சிரித்துக்கொண்டே சாவியை உள்ளங்கையில் வைத்து ஜெபித்தார். இந்தத் தடவை அவள் பெயரைச் சொல்லி. முடிவில் எழுந்த ஆமென்களில் ரொம்ப உரக்கக் கேட்டது அம்மாவுடையது.

திங்கட்கிழமை ஆறு மணிக்குள் ஹெல்மெட் மாட்டிக் கிளம்பினாள். நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஆறே முக்காலுக்கு அடித்தது.

"வந்துட்டேங்க. லேபே இன்னும் தொறக்கல."

செலவைக் குறைக்க வண்டி வாங்கப் போகிறீர்களா? மைலேஜ் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள் — வாங்குவது தூரத்துக்கா, மீசைக்கா?

நான் இப்போது நடக்கிறேன். இனியும் நடப்பேன். நேற்று சென்டர் பக்கத்து டீக்கடைக்காரர் கேட்டார். "என்ன சார், வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க. வேலைக்குப் போயிருக்குது."