வெள்ளை அரளி யாருக்கு வந்தது

மருத்துவக் கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதிவு செய்ய எங்களுக்கு ஐந்து நாள் இருந்தது. அதில் நான்கு நாளை நான் ஓர் அட்டவணையில் செலவழித்தேன்.

என் மகள் எடுத்த மதிப்பெண்ணுக்கு இரண்டு அரசுக் கல்லூரிகள் எட்டும் தூரத்தில் இருந்தன. ஒன்று எங்கள் ஊரிலேயே, திருவண்ணாமலையில். வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம். இன்னொன்று திருநெல்வேலியில். பஸ்ஸில் போனால் ஒரு முழுப் பகல். முதல் வரியில் போட்ட கல்லூரியில் இடம் இருந்தால் கணினி இரண்டாவது வரிக்கு இறங்காது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: முதல் வரியில் எந்த ஊர்?

நான் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம், மாதம் ஒருமுறை பௌர்ணமி கிரிவலத்துக்கு உகந்த நேரம் என்று ஒரு பெட்டிச் செய்தி, நடுவில் விபத்து, விளைச்சல், ஆர்ப்பாட்டம். எதை எழுதினாலும் இரு தரப்பையும் கேட்டு எழுதுவது பழக்கம். வீட்டுக்கும் அதையே செய்தேன். இடப்பக்கம் திருவண்ணாமலை, வலப்பக்கம் திருநெல்வேலி. கல்லூரியின் வயது, நோயாளிகளின் எண்ணிக்கை, விடுதி, சாப்பாடு, பயணம் என்று வரி வரியாக நிரப்பி, பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன்.

“ரெண்டு பக்கமும் இருக்கு. முடிவு உன்னோடது” என்று மகளிடம் சொன்னேன்.

“சரிப்பா” என்றாள்.

“நீ படிச்சியா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“படிச்சேன்” என்றாள்.

பால் எடுக்கவும் தண்ணீர் எடுக்கவும் அந்தத் தாள் தொங்கும் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் அடுத்த வீட்டு அம்மா சர்க்கரை பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்தார். “பாப்பா பாத்துச் சொல்லட்டும், அவசரமில்ல” என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். என் மகள் இன்னும் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை என்பதை அவர் ஒரு தடையாக நினைக்கவில்லை.

நான்காம் நாள் காலை மனைவியின் அண்ணன் போன் செய்தார். அடி அண்ணாமலையில் விவசாயம். கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு கடையும் உண்டு; பௌர்ணமிக்கு இளநீர், மற்ற நாளில் மூடியிருக்கும்.

“இன்னா மாப்ள, காகிதத்த ஒட்டி வெச்சிக்கினு நாலு நாளா அதையே பாத்துக்கினு இருக்கீங்களாமே? ஆத்தா கோயில்ல பூ கட்டிப் பாத்துடலாம். எல்லாரும் கிளம்பி வாங்க.”

பூ கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். போர்வெல் போட, வரன் முடிக்க, மாடு விற்க இப்படிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரிக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வண்டியை எடுத்தேன். யாராவது முடிவு செய்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

பௌர்ணமிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. பாதை ஓரமெல்லாம் கடைக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். மைத்துனர் தன் வேலியில் இருந்தே அரளி பறித்து வைத்திருந்தார், வெள்ளையும் சிவப்பும். வாழை இலையைச் சதுரமாகக் கிழித்து, ஒரே அளவில் மடித்து, நாரால் கட்டினார். அளவு ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

“வெள்ள வந்தா எந்த ஊரு மாமா?” என்று மகள் கேட்டாள்.

“உஷ்! வாய் தொறந்து சொன்னா பலிக்காது கண்ணு. அவங்கவங்க மனசுல நெனச்சிக்குங்க. ஆத்தாளுக்குத் தெரியும்.”

“அண்ணன் சொல்றது சரிதான்” என்றாள் மனைவி.

நான் வெள்ளை என்றால் திருவண்ணாமலை என்று நினைத்துக்கொண்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அட்டவணையில் அதுதான் முதலில் இருந்தது.

கோயிலில் பொட்டலங்களைச் சாமி முன்னால் போட்டதும் பூசாரி வீட்டுக் குழந்தை, நான்கு வயதுப் பெண், எடுக்க வந்தாள். இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டாள்.

“ஒண்ணுதான்டி எடுக்கணும்” என்றார் பூசாரி.

“ரெண்டும் எனக்கு.”

“ஒண்ணு எடு. அப்புறம் மாமா உனக்கு எளநீ வெட்டித் தருவாரு.”

குழந்தை யோசித்து ஒன்றைக் கீழே போட்டது. கையில் இருந்ததைப் பூசாரி பிரித்தார். வெள்ளை.

நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கும்போது நான் நீதிபதியைப் பார்ப்பதில்லை. இரு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மைத்துனர் உரக்க “தாயே!” என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. இரண்டு கட்சியும் ஜெயித்த தீர்ப்பை நான் எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் மனைவி கேசரிக்கு ரவை வறுக்கத் தொடங்கினாள். மகள் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் லேப்டாப்பைத் திறந்து, முதல் வரியில் திருவண்ணாமலை, இரண்டாவது வரியில் திருநெல்வேலி, அதற்குக் கீழே மற்ற கல்லூரிகள் என்று நிரப்பினேன். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பட்டியலை லாக் செய்ய வேண்டும். அதன்பின் திருத்த முடியாது.

மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அப்பா, விழுப்புரத்துல இருந்து திருநெல்வேலிக்கு நெறைய ட்ரெயின் இருக்கு.” பிறகு திரையைப் பார்த்தாள். “வரிசை மாறியிருக்கே.”

“மாறல. வெள்ளைதான வந்துது?”

“வெள்ளைதான். வெள்ளைன்னா திருநெல்வேலி.”

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. நான் நெனச்சேன்.”

அடுப்படியிலிருந்து கரண்டியோடு மனைவி வந்தாள். “நானும் அதான் நெனச்சேன்” என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். மகளை அவ்வளவு தூரம் அனுப்பச் சம்மதிக்க மாட்டாள் என்று நான்கு நாளாக நானே தீர்மானித்து வைத்திருந்தேன். அவளிடம் கேட்கவே இல்லை.

அவள் தன் அண்ணனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணா, வெள்ளைன்னா நீ என்னா நெனச்ச?”

“சீட்டு கெடைக்கும்னு.”

“செவப்புன்னா?”

“கெடைக்காதுன்னு.”

“சீட்டு கெடைக்கும்னுதான் தெரியுமே! எந்த ஊருன்னுதான கேக்க வந்தோம்?”

“எந்த ஊரா இருந்தா இன்னாம்மா, டாக்டர் டாக்டர்தான? பாரு, உங்க மூணு பேரவிட எனக்குத்தான் கரெக்டா பலிச்சிருக்குது” என்றார். இளநீர் லோடு வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலில் மகள்தான் சிரித்தாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும். சிரித்து முடித்த பிறகும் பட்டியல் அப்படியே திறந்திருந்தது.

“இன்னொரு தடவ கட்டிப் பாக்கலாமா?” என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“ஏங்க, சாமி சொன்ன பதில் புடிக்கலன்னு மறுபடி கேப்பாங்களா? நாமதான் கேள்விய ஒழுங்கா கேக்கல” என்றாள் மனைவி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இப்ப வாய் தொறந்தே பேசலாம். இவ இங்க சேர்ந்தா என்னா ஆகும் தெரியுமா? எங்க ஊர்ல யாருக்கு வயித்து வலின்னாலும் போன் இவளுக்குத்தான் வரும். ஓபி சீட்டு எங்க வாங்கறது, ஸ்கேன் எந்த மாடி, பெட் இருக்குதா, எல்லாம் இவதான். மாட்டேன்னா, படிச்ச திமிருன்னுவாங்க. சேர்றதுக்கு முன்னாடியே ஒரு ரிப்போர்ட்டு மேச மேல உக்காந்திருக்குது. அஞ்சு வருஷம் இவ படிக்க வேணாமா?”

“அது அட்டவணையில இல்ல” என்றேன்.

“உங்க அட்டவணையில எதுதான் இருக்கு?” என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். “நீங்களே படிச்சுப் பாருங்க. ‘எனினும்’ எல்லாம் எந்தப் பக்கம் இருக்குன்னு.”

வேறு யாரோ அனுப்பிய செய்தியைத் திருத்துவதுபோலப் படித்தேன். பழமையான கல்லூரி, எனினும் கட்டடங்கள் தூரம் தூரமாக உள்ளன. விடுதி உண்டு, எனினும் உணவு பழகச் சில மாதங்கள் ஆகலாம். நான்கு ‘எனினும்’. நான்கும் வலப்பக்கம். இடப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு பயிற்சி நிருபர் இப்படி எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

“நீ ஏன் அங்க போகணும்னு நெனைக்கற?” என்று அப்போதுதான் கேட்டேன்.

அவள் தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“இங்க சேர்ந்தா மொத நாளே ரிப்போர்ட்டர் பொண்ணுன்னு தெரிஞ்சிடும். மார்க் ஜாஸ்தி வந்தா உங்களுக்காகப் போட்டாங்கன்னு சொல்வாங்க. கம்மியா வந்தா உங்க மேல இருக்கற கோவத்துல போட்டாங்கன்னு நானே நெனச்சுக்குவேன். எனக்கு எவ்ளோ தெரியும்னு எனக்கே தெரியாம போயிடும்பா. அப்புறம், ஆஸ்பத்திரியப் பத்தி ஒரு நியூஸ் வருதுன்னு வெச்சுக்குங்க. நான் அங்க படிக்கறப்ப எப்பவும் போல எழுதுவீங்களா?”

எழுதுவேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடத்துக்கு மேலாக மற்றவர்களிடம் இதே மாதிரி கேள்வியைக் கேட்டு, அவர்கள் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனித்தவன் நான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

“தெரியல” என்றேன்.

“அதான்” என்றாள்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கவே இல்லியேப்பா. தாள்தான் குடுத்தீங்க.”

“படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்கங்கற மாதிரி” என்றாள் மனைவி. ரவை தீயும் வாசனை வர, எழுந்து ஓடினாள்.

நான் சொல்லாத ஒன்றும் இருந்தது. காலையில் என் பைக்கும் அவள் ஸ்கூட்டியும் ஒரே நேரத்தில் வாசலை விட்டுக் கிளம்புவதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருந்தேன். கலெக்டர் அலுவலகம் வரை சேர்ந்து போய் அங்கே பிரிவோம். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாததால்தான் நான்கு ‘எனினும்’ எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வரிசையை மாற்றத் தயங்கியிருப்பாள்.

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். திருநெல்வேலியின் பக்கத்தில் இருந்த மேல்நோக்கிய அம்பை ஒருமுறை அழுத்தினாள். இரண்டு பெயரும் இடம் மாறின. மறுநாள் மாலை வரை அவகாசம் இருந்தும் அப்போதே லாக் செய்யலாம் என்றாள். ஓடிபி என் போனுக்கு வந்தது. ஆறு எண்களையும் வாசித்தேன். மூன்றாவது எண்ணை மட்டும் மறுபடி கேட்டாள். இனித் திருத்த இயலாது என்று திரையில் வந்ததை அவள் இரண்டு தடவை படித்தாள். அடி பிடித்த கேசரியைத்தான் அன்று எல்லோரும் சாப்பிட்டோம்.

ஒதுக்கீட்டு ஆணையில் திருநெல்வேலி என்று வந்தது. சேர்க்கைக்கு மூன்று பேரும் போனோம். விடுதி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், ரத்தப் பிரிவு, ஒவ்வாமை என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தவள், ‘உள்ளூர்ப் பாதுகாவலர்’ என்ற கட்டத்தில் நிறுத்தினாள்.

எங்கள் பத்திரிகைக்கு அந்த ஊரிலும் நிருபர் உண்டு. எனக்கு நல்ல பழக்கம். சொன்னால் பத்து நிமிடத்தில் நேரிலேயே வந்து நிற்பார். போனை எடுத்து அவர் எண்ணைத் தேடினேன்.

“உள்ளூர்ல யாரும் இல்லன்னா என்ன எழுதணும் மேடம்?” என்று மகள் மேசைக்குப் பின்னால் இருந்த விடுதி அலுவலரைக் கேட்டாள்.

“ஒண்ணும் எழுத வேண்டாம்மா. ஒரு கோடு போட்டுரு.”

அவள் கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். நான் போனைப் பையில் வைத்துக்கொண்டேன்.