உப்புத்தாள் தேய்த்த தகடு

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் இயற்பியல் முதுகலை படித்தேன். சொரசொரப்பான பரப்பில் லேசர் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதுதான் கடைசி ஆண்டு ஆய்வு. அலுமினியத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, சிவப்பு லேசரை அடிப்பேன். விழும் வட்டம் சீராக இருக்காது. கேழ்வரகைச் சிந்தியதுபோல் மணிமணியாக மின்னும். மேடுபள்ளங்களில் பட்டுச் சிதறும் ஒளியலைகள் ஓரிடத்தில் கூடிப் பளிச்சிடும், ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்து இருட்டாகும். தலையை அசைத்தால் மணிகளும் நகரும்.

எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் முதல்முறை பார்த்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். "இன்னாம்மா இது, கண்ணாடி இல்லாமயே மணி மணியா தெரியுது!" என்று சிரித்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நாற்காலியை விட்டு எழவேயில்லை.

"என்ன புள்ளிபுள்ளியா இருக்கு? தகட்டத் தொடைக்க மாட்டியா? மலையிலேர்ந்து வர்றவங்களுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது போல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அழுக்கு இல்லீங்க சார். தலைய அசைச்சுப் பாருங்க, புள்ளியும் நகரும். அழுக்கு நகருமா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா? வழவழன்னு ஒரு தகட்ட வச்சுக் காட்டு."

ஆய்வகத்தில் இருந்த கண்ணாடித் தகடு ஒன்றை வைத்தேன். ஒளி அதில் பட்டுத் தெறித்து எதிர்ச்சுவரில் விழுந்தது. அங்கேயும் அதே மணிகள்.

"செவுரு இப்பதாங்க சார் வெள்ளையடிச்சது. அதுலயும் இருக்குது பாருங்க."

"சுண்ணாம்பு மட்ட ரகம்," என்று சொல்லிவிட்டு காபியை எடுத்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டுமட்டான மதிப்பெண்ணில் தேறினேன்.

வெளியே வந்ததும் பேராசிரியர் என்னிடம் வந்தார். "கோச்சிக்காதம்மா. அவரு பெரிய ஆளு, நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாங்க சார். நீங்க உங்க கண்ணால பாத்தத சொல்லியிருந்தா போதும்."

அவர் அவசர வேலை இருப்பவர்போல் படியிறங்கிப் போனார்.

தேர்வாளர் மேல் இருந்த ஆத்திரம் சீக்கிரமே ஆறிவிட்டது. அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை, அவ்வளவுதான். இவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் பேருந்தில் எப்போதாவது எதிர்ப்படுகிறார். "நல்லா கீறியாம்மா?" என்கிறார். நல்லாயிருக்கேன் என்கிறேன். அதற்குமேல் எனக்கு வாய் வருவதில்லை.